ஒரு மொட்டைக் கடுதாசியின் செலவு

போன வாரம் இஸ்திரி போட்டு வந்த புடவையைப் பிரித்தேன். கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. சுற்றியிருந்த செய்தித்தாளில் எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு பார்மஸி கல்லூரி வருகிறது, அரசு கோடிக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்ததும் என் புத்தி, ‘இதில் யார் யாருக்கு எவ்வளவு?’ என்றுதான் போயிற்று. நல்ல செய்தியைப் படித்துச் சந்தோஷப்படும் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. இந்தப் புத்தியால் ஒரு முறை நான் செய்த காரியத்தை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

கஞ்சி வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் புடவை நினைவு வரும், எனக்கு மாத்திரை நினைவு வரும். மாத்திரைத் தூள் ஒட்டிக்கொள்ள மாவுக்கஞ்சி காய்ச்சித்தான் சேர்ப்பார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளியே வந்தால் புகை, உள்ளே போனால் கஞ்சி. மெஷின் அடித்துத் தள்ளுகிற மாத்திரையை அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து எடை போட வேண்டும். அந்த மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதவின் கீழ்ப்பக்கம் முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். என் வலது முழங்காலில் கறுப்பாகக் காய்ப்பே விழுந்துவிட்டது.

கடைசி நாள் வரைக்கும் முதலாளி, “ஆர்டரு வந்துகினேகீது, பயப்படாதீங்க” என்றார். மறுநாள் கேட்டில் பூட்டு. அன்று பிடித்த வியாதிதான். யார் எது சொன்னாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் பக்கத்தில் புதிதாக பார்மஸி கல்லூரி திறந்தது. மாத்திரைக் கம்பெனி அனுபவம் என்று எழுதிப் போட்டதில், தற்காலிக லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. முகப்பைப் பார்த்தால் கல்யாண மண்டபம் தோற்றுப்போகும். அத்தனை உயரத் தூண்கள், வழுக்குகிற கிரானைட் படிகள். உள்ளே கெமிஸ்ட்ரி லேபில் புகையை வெளியே தள்ள ஒரு விசிறி கிடையாது. டீக்கடையில், “கவருமெண்ட்டு துட்டு, எவன் கேக்கப் போறான்?” என்று பேசுவார்கள். நானும் தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

முதல்வர் சுகந்தி மேடம் மதுரைப் பக்கத்துக்காரர். சிரித்துப் பார்த்ததில்லை. ஸ்டோர் கீப்பர் காதர் பாய்க்குப் பழவேற்காடு. குடும்பமே இறால் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் சர்க்கார் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சோதனைக் குழாய் வந்தாலும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணித்தான் உள்ளே வைப்பார். மதியம் அவர் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டு எனக்கு வந்துவிடும்.

ஒரு நாள் லாரியில் மாத்திரை மெஷின் வந்து இறங்கியது. பளபளவென்று பச்சை பெயின்ட். துடைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். திரும்ப மூட வரவில்லை. யோசிக்கும் முன்பே என் முழங்கால் எழும்பி ஓர் இடி இடித்தது. கதவு மூடிக்கொண்டது.

“பாய், இது புச்சு இல்ல. எங்க கம்பெனி மெஷினு.”

“இன்னாம்மா சொல்ற?” என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மேடம் வாங்கிக்கீறாங்க. நான் எண்ணி வெச்சிக்கினேன். அத்தோட என் வேல முடிஞ்சிது. நீ பேஜாரு பண்ணாத.”

மறுநாள் மேடமே கூப்பிட்டார். “அந்த மெஷினப் பத்தி வெளிய யார்கிட்டயும் பேச வேணாம், என்ன?” அறையை விட்டு வந்தால், வராந்தாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பழைய முதலாளி உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

இடது கையால் எழுதினேன். பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்து மக்கள் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பக்கம். கீழே ‘இப்படிக்கு, பொதுமக்கள்’. நான் ஒருத்தியே பொதுமக்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் போட்டபோது நாட்டையே காப்பாற்றிவிட்ட பெருமிதம் இருந்தது, பொய் சொல்லவில்லை.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அதே கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதால் மெஷினை அடையாளம் காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். பழசுதானா என்று கேட்டதற்கு நான் வாய் திறக்குமுன் மேடம் ஃபைலைத் திறந்து வைத்தார்.

“பழசுன்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கேன், சார். சாமான் வாங்க வந்த பணத்துல பாதியக் கட்டடம் தின்னுருச்சு. புதுசுக்கு வழியில்ல. பழசு வாங்கி, மிச்சத்துல கெமிஸ்ட்ரி லேபுக்கு விசிறி வாங்கப்போறேன். புள்ளைக ஆசிட் புகையில நிக்கிதுக.”

“டெண்டர் இல்லாம வாங்க யாரு அனுமதி குடுத்தது?”

“மூணு தடவ எழுதிக் கேட்டேன், பதில் வரல. வரட்டும், அதுவரைக்கும் வெளிய பேசாதன்னு இவகிட்டகூடச் சொல்லிவச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஓட்டத் தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட இருக்குன்னுதான் அந்தக் கம்பெனி மெஷினாப் பாத்து வாங்கினேன். புள்ளைகளுக்கு நீதான் ஓட்டிக் காட்டணும்னு இருந்தேன்.”



காசு எடுக்கவில்லை, ஆனால் விதியை மீறிவிட்டார் என்று அதிகாரிகள் எழுதினார்கள். மெஷினுக்கு அரக்கு முத்திரை, மேடத்துக்குத் தென்கோடிக்கு மாற்றல். விசிறி வாங்குவதும் நின்றது. முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைகள் மாத்திரை அடிப்பதைக் கரும்பலகைப் படத்தில் பார்த்தே பட்டம் வாங்கிப் போனார்கள். அப்புறம் முறைப்படி டெண்டர் விட்டு, பழையதைப் போலப் பல மடங்கு விலைக்குப் புது மெஷின் வந்தது. அந்தத் தூண்களுக்கு எவ்வளவு ஆயிற்று, யாருக்குப் போயிற்று என்று மட்டும் இன்று வரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதற்கு ஒரு கடுதாசி போடவில்லை.

எழுதியது யார் என்ற பேச்சில் எல்லோருடைய கண்ணும் காதர் பாய் மேல்தான் போயிற்று. பதிவேடு அவரிடம்தானே இருக்கிறது? தற்காலிக வேலைக்காரி எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும். ஒரு மதியம் டப்பாவைத் திறக்காமலே கேட்டார்.

“எல்லாரும் என்னியத்தான் சொல்லிக்கினுகீறாங்க. நீயும் அப்டித்தான் நெனைக்கிறியாம்மா?”

“இல்ல பாய். நீங்க எழுதல. எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். தின்றேன். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது குடோன். முத்திரை வைத்த மெஷினைத் துருப்பிடித்த பிறகு எடைக்குப் போட்டார்கள். பக்கத்து இரும்பு ஆலையில் உருகி யார் வீட்டுக் கம்பியாகவோ போயிருக்கும். மேடம் எங்கே என்று தெரியவில்லை.

போன வருஷம் ஒருவழியாகத் துணிந்து பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். பாயிடம் சொல்லிவிடலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான். கதவைத் திறந்த மகன், “வாப்பா மவுத்தாயி ரெண்டு வருசமாவுதும்மா” என்றார். திட்டுவதற்குக்கூட பாய் உயிரோடு இல்லை. என் பேரைக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மனைவியிடம் சொன்னார்: “வாப்பா சொல்லிக்கினே இருப்பாரே, காலேஜுல எல்லாரும் சந்தேகப்பட்டாங்க, ஒரு பொண்ணு மட்டும் நம்புச்சின்னு. அது இவங்கதான்.”

அந்தம்மாள் டீ போட எழுந்து போனார். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.