பவளத்துக்கு வெயில் காட்டியது

எவ்வளவு வெயிலோ அவ்வளவு காய் என்று நம்பித் தக்காளி போடுகிறவன் நான். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு, கடலை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டேன். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் கலக்கி, கோயம்புத்தூர் மீன் கடையில் ஒரு பவளம் வாங்கினேன். காளான் கொத்துபோலப் பழுப்பாக இருக்கும், உயிருள்ளது. கூடவே கடைக்காரர் ஒரு சின்ன நீல விளக்கைக் காட்டினார். யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று வேண்டாமென்றுவிட்டேன். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளுக்கு விளக்கு விற்கும் கடைக்குப் போனேன்.

“எத்தன லாரி நிக்கற எடத்துக்குங்க?” என்று கேட்டார் அங்கிருந்தவர்.

“ரெண்டடித் தொட்டிக்குங்க.”

அவர் லாரி நிறுத்தத்துக்கு மாட்டுகிற விளக்கையே எடுத்துக் கொடுத்தார்; கொண்டுவந்து தொட்டிமேல் தொங்கவிட்டேன்.

பத்தே நாளில் பவளம் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அழுக்கெல்லாம் நீங்கிப் பருத்தி வெடித்த மாதிரி இருக்கிறதே என்று படம் எடுத்து மீன் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் உடனே போனில் கூப்பிட்டார்.

“ஏனுங்க, அது அழகில்லீங்க. வெளிச்சம் தாங்காம சாகுதுங்க. அதுக்குள்ள இருந்த பழுப்புப் பாசிதானுங்க அதுக்குச் சோறு போடறது.”

வாயில்லாத ஒன்றைக் கொல்லப் பார்த்தேனே என்று நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. எங்கள் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“வலைக்கடியில இருக்கற நாத்தப் புடுங்கி நேரா உச்சி வெயில்ல நடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்பறம் இதுக்கு மட்டும் என்னங்க?”

பெரிய விளக்கைக் கழற்றிவிட்டு, கோயம்புத்தூர் போய் அந்த நீல விளக்கையே வாங்கி வந்தேன். அவள் நாற்றங்காலின் பச்சை வலையில் ஒரு துண்டு வெட்டி, நாலாக மடித்துத் தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே விரித்தாள். வாரம் ஒரு மடிப்பு பிரிப்பதாக ஏற்பாடு. என்னைத் தொடவிடவில்லை. கைராசி இல்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

நான்காவது வாரம் ஓரங்களில் பழுப்பு படர்ந்தது. அன்றைக்குப் பார்த்து அவளுடைய அண்ணன் வந்தார். தொட்டிமேல் குனிந்து, “ஏனுங்க மாப்பிள்ளை, இப்புடி அழுக்கேறிக் கெடக்குது, கழுவறதில்லீங்களா?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

“அழுக்கில்லீங்கண்ணா, உசுரு வந்திருக்குது. தலைய எடுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க.”