சோழவரம் ஓடுதளத்தின் ஓரம் அம்மா ஓட்டிய கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அயனம்பாக்கத்திலிருந்து அம்மாவும் நானும் காரில் சோழவரம் கிளம்பினோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. போர் முடிந்த பிறகு பல வருடங்கள் அதன்மேல் கார் பந்தயம் நடந்தது. அப்போது அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்துகொண்டிருந்தார். தாத்தா பந்தயத்துக்கு மாமாவை மட்டும்தான் கூட்டிப்போவாராம். அறுபத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வந்ததும் அம்மா கேட்ட முதல் ஊர் இதுதான்.

ஆவடி, கோவில்பதாகை, செங்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். ஓட்டியது நான். லாரிகளுக்கு நடுவே அம்மாவிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

ஓடுதளம் இப்போது ராணுவத்தின் வசம் இருக்கிறது. வாசலில் காவலர் கையசைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அனுமதி இல்லாமல் நுழைய முடியாதாம். அம்மா கண்ணாடியை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர், "இன்னாம்மா, ரன்வே பாக்க வந்தீங்களா? உள்ள உட மாட்டாங்க. வேலி ஓரமா ஒரு ரோடு கீது, அப்டியே போங்க, நல்லா தெரியும்," என்றார்.

போனோம். கம்பிக்கு அப்பால் சாம்பல் நிறக் கான்கிரீட் கண்ணுக்கெட்டும் வரை நேராக ஓடியது. வெடிப்புகளில் புல். அம்மா இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை.

"சாவியக் குடு."

"அம்மா, ரோடு குறுகலா இருக்கு."

"தெரியுது. குடு."

முதல் கியரில் வண்டி குலுங்கியது. மூன்றாவது கியருக்குப் போனதும் அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. வலப்பக்கம் ஓடுதளம் எங்களோடு கூடவே வந்தது. வேகமுள் அறுபதைத் தொட்டது. நான் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. ராணுவ இடம், படம் எடுக்க வேண்டாம். உள்ளே விடவில்லை என்று உடனே திரும்பிவிடவும் வேண்டாம்.

இளநீர்க் கடையில் நிறுத்தியதும் அம்மா மாமாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, சோழவரத்துல இருக்கேன். இல்லண்ணே, பாக்கறதுக்கு மட்டும் வரல. ஓட்டுனேன்."