ஓடைக்கு அக்கரையில் நின்ற சர்வே கல்

மகள் கல்யாணத்துக்கென வைத்திருந்த தோட்டத்தைக் கொடுத்துவிட்டு, ஓமலூர்ப் பக்கம் ஒரு கரட்டு நிலத்தை மாற்றிக்கொள்ள இருந்தேன். துரைமார் கம்பெனி நல்ல விலைக்கு வாங்கும் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், அதில் இருப்பதாகச் சொன்ன தரகர், கல்லெடுக்கும் உரிமைக்குப் பழைய கோர்ட் தீர்ப்பும் காட்டினார். தீர்ப்பு அசல்தான். ஆனாலும் மனம் ஒப்பாமல் தாலுகா கச்சேரியில் சர்வே படத்தைப் பார்த்தேன். தீர்ப்பில் கண்ட நிலம் ஓடையோடு முடிந்துவிட்டது. தரகர் காட்டிய கல்குழிகளும் எல்லைக் கல்லும் ஓடைக்கு அக்கரையில் இருந்தன.

தரகரை அங்கேயே அழைத்துப் போய்க் கேட்டேன்.

"ஓடை நவுந்துருச்சுங்க சாமி," என்றார்.

"ஓடை நவுந்துச்சுங்களா, கல்லு நவுந்துச்சுங்களா?" என்று எல்லைக் கல்லைப் பிடித்து அசைத்தேன். புதிதாக நட்டதுபோல் ஆடியது.

தோட்டம் தப்பியது, சந்தேகம்தான் இன்னும் என்னை விடவில்லை. போன வாரம் சம்பந்தம் பேசப் போன இடத்திலும், அவர்கள் நிலத்து எல்லைக் கல்லை அசைத்துப் பார்த்த பிறகுதான் காப்பியைத் தொட்டேன்.