மெஷினைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விடேன்!

“ஏண்டி சுதா… அந்த மெஷினை நீதானே பண்ணே? ஒரு ஸ்குரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டா இன்னா?”

கேட்டது என் அக்கா. இடம்: திருத்தணி ரயில் நிலையம். காலை நேரம். சென்னை வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நான் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, பெண்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். வீட்டில் சொன்னால் எதிர்வீட்டுக்குக் கேட்குமாம், போனில் சொன்னால் யாராவது ஒட்டுக்கேட்பார்களாம். மிலிட்டரி விஷயமாச்சே!

சரி, அவள் எந்த மெஷினைச் சொன்னாள்?

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவத்துக்குப் பயிற்சி சிமுலேட்டர் செய்து தரும் ஒரு தனியார் கம்பெனியில் நான் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். சிமுலேட்டர் என்றால்… ஒரு லாரியின் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கிடையாது, என்ஜின் கிடையாது. அதை மோட்டார் வைத்த கால்கள்மேல் நிறுத்தி, எதிரே பெரிய திரையில் மலைப்பாதையைக் காட்டுங்கள். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேபினே சாயும். பள்ளத்தில் விட்டால் குலுங்கும். நிஜ மலையில் நிஜ லாரியை ஓட்டுவதற்கு முன்னால் டிரைவர்கள் இதில் ஓட்டித் தேற வேண்டும்.

இதில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்கள், சர்க்யூட் போர்டுகள், பெடலுக்கு அடியில் இருக்கும் சென்சார்கள் எல்லாம் என் துறை. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து சால்டரிங். கழுத்துக்குத் தைலம்.

ஊருக்கு இதெல்லாம் புரியுமா? எதிர்வீட்டுக்காரர் கணக்கில் நான் ‘வீடியோ கேம் பண்ற பொண்ணு’. பூக்கடைக்காரம்மா கணக்கில் ‘பாம் செய்யற பொண்ணு’. கல்யாணத் தரகர் ஒருபடி மேலே போய், ‘பொண்ணு மிலிட்டரி’ என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா வீட்டுக்காரரே என் மெஷினில் ஃபெயில் ஆனால்?

அவர் பெயர் மோகன். எனக்குப் பாவா. சொந்த ஊர் திருவாலங்காடு. பட்டாளத்தில் டிரைவர், ஜீப் போன்ற சின்ன வண்டிகள் ஓட்டிக்கொண்டிருந்தவர். மலைப்பாதையில் கனரக லாரி ஓட்டும் கோர்ஸுக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். தேறினால் பதவி உயர்வு. கூடவே, குடும்பத்தை அழைத்துப்போய் வைத்துக்கொள்ள குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அக்காவும் அவள் பிள்ளைகள் இருவரும் எங்கள் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அப்பா என்றால் செல்போன் திரையில் தெரியும் ஒரு முகம். அதிலும் பாதி நேரம் நெட்வொர்க் போய் உறைந்து நிற்கும் முகம்.

அந்தக் கோர்ஸில் முதல் படி சிமுலேட்டர். எங்கள் கம்பெனி செய்தது. பெடல் சென்சார் பொருத்தியது சாட்சாத் நான்.

பாவா முதல் நாளே இறக்கத்தில் லாரியைக் கவிழ்த்துவிட்டார். மறுபடி உட்கார வைத்தார்கள். மறுபடியும் கவிழ்ந்தது. அன்று மாலை எனக்குப் போன்.

“இன்னா சுதா மெஷின் பண்ணிக்கீறீங்க? பிரேக்கே புடிக்கலம்மா! நான் அமுக்கிக்கினே கீறேன்… அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது.”

“பாவா, அதெல்லாம் செக் பண்ணித்தான் அனுப்புவோம்.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

ஃபெயில் ஆகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். சீட்டு சரியில்லை, ஸ்டியரிங் இழுக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. நான் ‘ஆங், பாக்கறேன் பாவா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்பவில்லை.

அதற்கு மறுநாள்தான் அக்கா ரயில் நிலையத்துக்கு வந்து ஸ்குரூவை லூஸ் பண்ணச் சொன்னது. கடைசியாக இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கிறதாம். அதிலும் தேறாவிட்டால் பழைய யூனிட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

“அக்கா, அது என்ன தையல் மெஷினா? நான் கம்பெனில உக்காந்துகினு…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. உனுக்கு மனசு இருந்தா பண்ணுவ.”

ரயில் கிளம்பிவிட்டது. மணவூர் தாண்டும்வரை எனக்குள் பொருமிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் கம்பெனிக்கு ஒரு புகார் வந்தது. பாவா இருக்கும் அதே பயிற்சி மையத்திலிருந்து. ‘பிரேக் சரியாக வேலை செய்யவில்லை.’ போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். டெக்னீஷியன்களில் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு டெங்கு. மிச்சம் யார்?

“சார், எங்க அக்கா வீட்டுக்காரரு அங்கதான் கோர்ஸ்ல இருக்காரு. நான் போனா சரியா இருக்காது” என்று மேனேஜரிடம் சொன்னேன்.

“அதுக்கென்னம்மா, அப்படியே சொந்தக்காரரைப் பார்த்துட்டு வாங்க!” என்றார். சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.

நான் போகிற செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மா அன்று எனக்குத் தனியாக நெய் தோசை ஊற்றினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோசைதான் பேசியது.

மையம் எந்த ஊரில் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். அங்கே சிமுலேட்டருக்குப் பொறுப்பு ஒரு சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். உள்ளே நுழைந்ததும் அவரிடமும் சொல்லிவிட்டேன், மோகன் எனக்கு உறவு என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆங், சொன்னது நல்லதாப் போச்சு. வேலையைப் பாரும்மா.”

கேபினுக்குள் தலையை விட்டு, பிரேக் பெடலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சென்சாரைப் பிடித்திருக்கும் தகட்டின் ஸ்குரூ கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

முழங்கால் பலத்தையெல்லாம் சேர்த்து எத்தனையோ பேர் மிதித்த மிதியில் தகடு இடம் மாறிவிட்டது. காலால் முழுசாக அமுக்கினாலும் கம்ப்யூட்டருக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது. பாவா சொன்னது நிஜம். பிரேக் பிடிக்கவில்லை! அக்கா லூஸ் பண்ணச் சொன்ன ஸ்குரூ தானாகவே லூஸ் ஆகியிருந்தது… அவள் கேட்டதற்கு நேர் எதிராக.

மேனேஜருக்குப் போன் போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் மெல்ல இழுத்தார்.

“சும்மா ‘மைனர் அட்ஜஸ்ட்மெண்ட்’னு போட்டுட்டு வந்துடுங்களேன். லூஸ் ஆச்சுன்னு எழுதினா மத்த மெஷினை எல்லாம் கழட்டிப் பார்க்கச் சொல்லுவாங்க.”

“கழட்டிப் பார்க்கத்தானே சார் வேணும்?”

“அதில்லம்மா…”

“சார், இதுல ஓட்டி எத்தனையோ பேர் ஃபெயில் ஆகியிருக்காங்க.”

போனை வைத்துவிட்டார். நீங்களே சொல்லுங்கள், எனக்கு எரிச்சல் வருமா வராதா? லூஸ் பண்ணு என்கிறது குடும்பம். லூஸே ஆகவில்லை என்று சொல் என்கிறது கம்பெனி. நடுவில் ஸ்குரூடிரைவரோடு நான்!

நடந்ததை நடந்தபடியே எழுதினேன். சுபேதாரிடம் வாயாலும் சொன்னேன். கோளாறு எங்களுடையது, இதில் ஓட்டியவர்களை எல்லாம் மறுபடி ஓட்ட வைப்பதுதான் நியாயம் என்று. அவர் தலையைச் சொறிந்தார்.

“இத்தினி பசங்களத் திட்டிக்கினு இருந்தனேம்மா…” என்றார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

தகட்டைச் சரியான இடத்தில் வைத்து, இனிமேல் கழலாதபடி பூட்டு நட் போட்டு, மிதித்து மிதித்து அளந்தேன். சரியாக இருந்தது. மறுநாள், ஏற்கெனவே ஃபெயில் ஆனவர்கள் ஒவ்வொருவராக ஓட்டினார்கள். முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

பாவாவின் முறை வந்தது.

என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஏறினார். அந்தச் சிமிட்டல் எதற்கு? அக்கா ஏதாவது சொல்லிவைத்திருப்பாளோ?

ஏற்றம் ஏறினார். நன்றாகத்தான் ஓட்டினார். வளைவுகளில் ஹாரன், சரியான பக்கம், எல்லாம் ஒழுங்கு. இறக்கம் ஆரம்பித்தது. சுபேதாரின் பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்தேன். பாவா கியரை எடுத்து நியூட்ரலில் போட்டார்!

திருவாலங்காட்டுப் பழக்கம் அது. பட்டாளத்துக்குப் போகும் முன்னால் அவர் தன் சித்தப்பாவின் லாரியில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடித்துக்கொண்டிருந்தவர். பாலத்து இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் டீசல் மிச்சம். சித்தப்பாவுக்குச் சந்தோஷம்.

மலை என்பது பாலமா? நியூட்ரலில் வண்டி வேகம் எடுக்கும். வேகத்தை அடக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வர வேண்டும். மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகும். சூடு ஏறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடியை விட்டுவிடும். அதனால்தான் கீழ் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நிஜ லாரி செய்வதையெல்லாம் எங்கள் மெஷினும் செய்யும். செய்தது. மூன்றாவது வளைவில் கேபின் அப்படியே சாய்ந்து, ஆடி, நின்றது. திரையில் பாறையும் வானமும் தலைகீழாகத் தெரிந்தன.

பாவா இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“இன்னும் சரியாவல சார் இது! பிரேக் மறுபடியும் வுட்டுப்போச்சு!”

சுபேதார் என்னைப் பார்த்தார். நான் பெடலை மறுபடி அளந்து காட்டினேன். சென்சார் சரியாக இருந்தது.

“மெஷின் நல்லாத்தான்பா கீது. கியர் எங்க வச்சிருந்தே?” என்றார் சுபேதார்.

பாவா கேபினைத் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி லோடு சரக்கா ஆளுங்களான்னு ஸ்கிரீன்ல போட்டிருந்துச்சே, பாத்தியா?”

“…ஆளுங்க சார்.”

“ஆங். ஆளுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் கேன்டீனில் பாவா என் எதிரே வந்து உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“கியரைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?”

“கிளாஸ்ல சொல்லலியா பாவா?”

“சொன்னாங்க. நாம ஓட்டாத வண்டியான்னு நெனச்சிக்கினு உக்காந்திருந்தேன்.”

“பிரேக் புடிக்கலன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பல. தப்பு என்னுதுதான். இப்ப நான் சொல்றத நீங்க நம்புங்க. மெஷின் சரியாத்தான் இருக்குது.”

டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். இவர் குடும்பம் சேர்ந்து இருக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் நியூட்ரலில் ஒருவர் மலை இறங்குவதைத் தெரிந்தே தேற வைத்து, என் அக்காவை என்ன கதிக்கு ஆளாக்குவேன் நான்?

திருத்தணி வந்து சேர்ந்தேன். அம்மா தட்டை வைத்த சத்தத்திலேயே தீர்ப்பு தெரிந்தது. தோசையில் நெய் இல்லை.

“நேர்லயே போயி, பக்கத்துல உக்காந்துகினு, ஃபெயில் பண்ணிட்டு வந்தியாடி?” என்றாள் அக்கா.

“அக்கா, அவருக்காகத்தான் பிரேக்கையே சரி பண்ணினேன்!”

“பிரேக்கு நல்லா இல்லாதப்பவும் கவுந்துச்சு. நீ நல்லா பண்ணப்புறமும் கவுந்துச்சு. அப்புறம் நீ இன்னாத்தப் பண்ணே?”

இந்தக் கேள்விக்கு எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் பதில் கிடையாது. தெருவில் வேறு, ‘சொந்தத் தங்கச்சியே மாமனைக் கவுத்துட்டாளாம்’ என்று பேச்சு. எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

சுபேதார் நல்லவர். கோளாறு எங்கள் பக்கம் இருந்ததால், பழைய வாய்ப்புகளைக் கணக்கில் எடுக்காமல், பாவாவை இறக்கத்திலேயே நாள் கணக்காகப் பழகவிட்டிருக்கிறார். பாவா கடைசியில் தேறினார். பிறகு நிஜ லாரியிலும் தேறினார். எனக்குப் போன் வரவில்லை. அக்காவுக்கு வந்தது.

போன வாரம் லீவில் வந்தார். நேரே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். எல்லோரும் ஒரு வாடகைக் காரில் போனோம், பாவாதான் ஓட்டினார். தரிசனம் முடிந்து கீழே இறங்கும்போது பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். கை கியரின் மேல். வண்டி இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தே மாய்ந்துபோனார்கள். பாவா அசையவில்லை.

“இன்னாப்பா இது, இப்பிடி ஊந்துகினு போற?” என்றாள் அம்மா.

“இறக்கம் அத்தே” என்றார். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் சீட்டில் சாய்ந்துகொண்டேன்.

அம்மா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அவன் ஒருத்தன் கண்ணத் தொறக்கலன்னா எம்மருமகன் பாஸ் பண்ணியிருப்பாரா?”

ஃபெயில் பண்ணியது நான்; பாஸ் பண்ணியது முருகன். போகட்டும்… சொந்த ஊர்க்காரர்தானே!