ராகுகாலத்தில் மாட்டிய சக்கரம்

எனக்கு வண்டி வேலை வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. வாரம் முழுக்க அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் ஒட்டினால் ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. என் பைக்கின் தளர்ந்த செயினை இறுக்கினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. தலைக்கனம் ஏற அது போதாதா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. வண்டியின் முன் பிரேக் கொஞ்ச நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்ததால், கழுவுகிற கையோடு முன் சக்கரத்தையும் கழற்றி உள்ளே இருக்கும் தூசியைத் தட்டிவிடலாம் என்று இறங்கினேன். சென்னை மந்தைவெளியில் எங்கள் வீடு முதல் மாடி. நான் கீழே வண்டியோடு மல்லுக்கட்ட, மனைவி மேலே அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டே ஜன்னல் வழியாக மணி சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் வண்டிக்குப் பூஜை முடிய வேண்டும்.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. மாட்டுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். சக்கரத்தோடு பிரேக் பிளேட் என்று ஒரு மூடி சேர்ந்து வரும். அதன் ஓரத்தில் ஒரு பள்ளம். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்பக்கத்தில் அந்தப் பள்ளத்துக்கென்றே ஒரு மேடு. பள்ளம் மேட்டில் உட்கார்ந்தால்தான் பிரேக் பிடிக்கும்போது பிளேட் அசையாமல் நிற்கும். இல்லையென்றால் அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை இழுத்துச் சக்கரத்தையே பூட்டிவிடும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பிரேக் கேபிள் ஏனோ விறைப்பாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. "மணி பத்து இருபது" என்று மேலிருந்து குரல் வந்தது. கேபிளை இழுத்துப் பிடித்து மாட்டி, நட்டை முறுக்கினேன்.

சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் நேரத்தில் நடந்தது. இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றினேன். பழங்கள் அழகாக நசுங்கின.

மனைவிக்குத் தி.நகரில், பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்துக்குள், பிளவுஸ் தைக்கும் கடை. அங்கிருக்கும் தையல் மெஷின்களுக்கும் பொட்டு வைக்கப் பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்பினோம். வழியில் லஸ் முனையில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரம் அடைத்து ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள். ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வேகம் ஒன்றும் இல்லை, சைக்கிள் வேகம்தான். ஆனாலும் இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அவளுக்குக் கட்டுப் போட்ட பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியபோது எங்கள் தெருமுனை மெக்கானிக் குனிந்து ஒரே பார்வைதான் பார்த்தார்.

"இன்னா சார், லாக்கே உக்காராம மாட்டிக்கிறீங்க? பிளேட்டு அதுபாட்டுக்கு சுத்திக்கீது பாருங்க."

அவர் திட்டவில்லை. பள்ளத்தையும் மேட்டையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் சரியாக மாட்டிக் கொடுத்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அந்தத் தீபாவளிக்கு அவள் ஒரு பிளவுஸும் தைக்கவில்லை. வாங்கி வைத்திருந்த துணிகளை இடது கையால் மடித்து மடித்து வாடிக்கையாளர்களிடம் திருப்பிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டுப் பிரித்த பிறகு பஸ்ஸில் கடைக்குப் போக ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவள், இப்போது கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டால், "பஸ்ஸே வசதியா இருக்கு" என்பாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு முன்கோபம் உண்டு. திட்டு வாங்கினால் திருப்பிக் கத்தி ஆறிவிடுவேன். இந்த மௌனத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. காலியான பின் சீட்டோடு ஏறக்குறைய இரண்டு வருஷம் தனியாக அலுவலகம் போய் வந்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிறு, மூன்றரை மணி இருக்கும். முன் பிரேக் மறுபடி கிறீச்சிட்டது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் சாவியை எடுத்தேன்.

"வேணாம். நீங்களே கழட்டுங்க. நான் பாக்கணும்" என்றாள்.

துணியில் குறி போடும் சாக்பீஸோடு கீழே வந்து படியில் உட்கார்ந்தாள். பிரிப்பதற்கு முன்னால் குறி போடாமல் அவள் ஒரு பிளவுஸையும் பிரிக்கமாட்டாள். எந்தக் கை எந்தத் தோளுக்கு என்று அந்தச் சாக்பீஸ் கோடுதான் அவளுக்குச் சொல்லும். நான் ஸ்பானரை வைக்கும் முன்னே, "இருங்க" என்று குனிந்து, பிளேட்டில் ஒரு கோடு, அதற்கு நேராக ஃபோர்க்கில் ஒரு கோடு போட்டாள். எத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தோன்றவில்லையே என்று சிரிப்பு வந்தது.

தூசி தட்டி, துடைத்து, சக்கரத்தைத் தூக்கி உள்ளே கொடுக்கும்போது இரண்டு தடவை நழுவியது. என்னையறியாமல் கண் மணி பார்த்தது. நாலு இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. சக்கரத்தின் நடுவே செருகும் ஆக்ஸிலை அவசரமாக எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்தா வந்துட்டுப் போகட்டும். மெதுவா மாட்டுங்க." பிளேட்டில் போட்ட கோட்டை விரலால் தடவினாள். "அன்னைக்கு மணி சொல்லிச் சொல்லி உங்கள அவசரப்படுத்தினது நாந்தான். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இத்தன நாளா பஸ்ஸுல போனேன்."

இத்தனை நாளும் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். "கேபிள் விறைப்பா இருந்துச்சும்மா. பாத்தும் விட்டது நான்தானே" என்றேன்.

இரண்டு கோடும் நேராகிற வரை பிளேட்டைத் திருப்பினேன். பள்ளம் மேட்டில் உட்கார்ந்தது. ஆக்ஸிலைச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடியே நட்டை இறுக்கினேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். தடையில்லாமல் சுற்றியது. அவளே பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நின்றது, பிளேட் அசையவில்லை. நான் மட்டும் தெருவில் இரண்டு சுற்று ஓட்டி, பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

வந்து நிறுத்தியபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முறிந்து சேர்ந்த அந்த வலது கையை என் தோளில் வைத்தாள்.

லஸ்ஸில் அதே தகரம், அதே குறுகல். பிரேக்கைப் பிடித்தேன். தோளில் விரல்கள் இறுகின. வண்டி சாதுவாக நின்றது. விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"வீட்டுக்குத் திரும்பலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பாண்டி பஜார் வரைக்கும் போங்க" என்றாள்.

அப்போது மணி ஐந்தே கால். ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.