புல்லில் விரித்த வெள்ளைத் துணி

மனைவி தோட்டத்துப் புல்லில் வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பிள்ளைகளுக்குப் பிக்னிக்காம். நான் முதலில் வானத்தைப் பார்த்தேன். பிறகு மதிலைப் பார்த்தேன். ஏழடி; நான் கட்டியது.

எனக்கு ஒன்பது வயதில் அது வெறும் வேலி. போர்க்காலம்; எங்கள் ஊரான மாத்தளையிலும் சோதனையும் கெடுபிடியுமாக இருந்தது. பள்ளிச் சுற்றுலா நின்றுபோனதென்று நான் அழுததால், அம்மா இதே ஜம்பு மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து மீன் அடைத்த பணிஸ் ரொட்டிகளைப் பரப்பினார். மேலே ஹெலிகொப்டர் போனது. உடனே வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயாவின் தலை வந்தது. பத்து வருடம் எங்கள் கறிவேப்பிலையைத் தின்ற தலை.

"மேல போறவங்களுக்கு அடையாளம் காட்டுறீங்களா?"

ஹெலிகொப்டர் அரசாங்கத்தினுடையது. அதற்கு நாங்கள் ஏன் அடையாளம் காட்டவேண்டும்? அதெல்லாம் அவருக்கென்ன? அவர் போய்ச் சொல்ல, அரை மணித்தியாலத்தில் பொலிஸ் ஜீப் வந்தது.

"யார் இதை விரிச்சது?"

வீரனாகிய நான் அதற்குள் இரு கைகளையும் தூக்கியிருந்தேன். ஒரு கையில் கடித்த பணிஸ். அந்தப் பணிஸாலேயே காட்டினேன்: "அப்பாதான்!"

அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தான்" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

மூன்றாம் நாள் திரும்பினார். இடது காது அதன்பிறகு கேட்கவில்லை. மறுநாளே வேலிக்கு மேலே அதே தலை: "வந்துட்டாரா? நல்லது. கறிவேப்பிலை கொஞ்சம் தாங்களேன்."

அன்று மாலையே கறிவேப்பிலை மரத்தை அடியோடு வெட்டினார் அம்மா.

"என்னங்க, வானத்தையே பார்க்கிறீங்க? உட்காருங்க" என்றாள் இப்போது மனைவி. அப்பா ஏற்கெனவே துணியில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. என்னிடம் ஒரு பணிஸை நீட்டினார்.

"இந்தா. சாப்பிட மட்டும்தான்."