அய்யாவுவின் அணையும் கீழ்வீடும்

பாலோ பட்டணத்துக்கு அப்பால் செம்பனைக் காட்டுக்குள் சிறுதோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மண் அணை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் அய்யாவு, லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர். அணையைப் பற்றி யாராவது குறைவாக ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கரையில் முளைக்கும் செடியை வேர் பிடிக்குமுன் பிடுங்கிவிடுவார். மாடு ஏறினால் மாட்டுக்காரனின் பரம்பரையையே இழுப்பார். "நம்ம அணைக்கு ஒரு தலைவலி காய்ச்சல் கிடையாதுலா" என்று காப்பிக்கடையில் பீற்றிக்கொள்வார்.

அவர் மனைவி யோகேஸ்வரிக்கோ அந்த அணை சக்களத்தி. இருவரும் குடியிருப்பது கரைக்கு நேர் கீழே, சங்கம் கொடுத்த தகரக் கூரை வீட்டில். மழை பிடித்தால் மனிதர் குடையோடு கரைக்கு ஓடுவார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே வராது.

அணையின் அபாய வகுப்பைத் தீர்மானிக்க லோஷினி என்ற பொறியாளர் வந்தாள். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர் போல அய்யாவு முதல் நாளே புல் வெட்டி, மதகுக்குப் பச்சைச் சாயம் பூசி, கரையோர முனியாண்டிக்கு எலுமிச்சை மாலையும் போட்டிருந்தார்.

லோஷினி சுற்றிப் பார்த்தாள். கசிவில்லை, வெடிப்பில்லை.

"நல்லா வச்சிருக்கீங்க அங்கிள்."

"அப்போ அபாயம் கம்மின்னு போட்டுடுவீங்கதானே மேடம்?"

"அது அணையோட உடம்பைப் பார்த்துப் போடறது இல்ல அங்கிள். ஒருவேளை உடைஞ்சா கீழ இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு பார்த்துப் போடறது. ஆளுங்க குடியிருந்தா உயர் அபாயம்தான்." அவள் தகரக் கூரையைக் காட்டினாள். "அந்த வீட்ல யாரு இருக்கா?"

அய்யாவு அவசரமாகக் கணக்குப் போட்டார். தன் அணைக்கு 'உயர் அபாயம்' என்று பெயர் விழுந்தால் காப்பிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

"அதுவா? சும்மா ஸ்டோர் மேடம். மண்வெட்டி, உரம் வைக்கறது. யாரும் இல்ல."

கொடியில் பூப்போட்ட கைலி ஆடிக்கொண்டிருந்தது. நெத்திலி சம்பல் வாசம் கரையேறி வந்தது.

"உரம் நல்லா மணக்குதே அங்கிள்" என்றாள் லோஷினி.

அவர் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் யோகேஸ்வரி தட்டோடு படியேறி வந்துவிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"இந்தாம்மா, யாரும் இல்லாத வீட்லருந்து டீ வந்திருக்கு. சீனி போதுமா பாரு."

லோஷினி சிரிப்பை டீயோடு விழுங்கிவிட்டு, உயர் அபாயம் என்றே எழுதினாள். இனி தண்ணீர் மதகருகே உள்ள அளவுகோலின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அணைக்காவலரான அய்யாவு முதலில் கீழ்வீட்டுக்குப் போன் போட வேண்டும் என்றும் சொல்லிப் போனாள்.

யோகேஸ்வரி சண்டை போடவில்லை. காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். இத்தனை வருஷம் சோறு போட்டவளை உர மூட்டையாக்கிவிட்டோமே என்று அய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

போன வாரம் மழை கொட்டித் தீர்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. உடனே மனைவியின் கைப்பேசிக்குப் போன் போட்டார்.

"யோகம், தண்ணி ஏறுது. சீக்கிரம் மேல வா!"

"யாருங்க வேணும்? இது ஸ்டோராச்சே."

"அலமாக், விளையாடற நேரமா இது!"

"மண்வெட்டி இருக்கு, உரம் இருக்கு. இதுல யாரை வரச் சொல்றீங்க?"

"என் பொண்டாட்டி அங்க இருக்காடி!" என்று அழாத குறையாகக் கத்தினார் அய்யாவு.

"அப்படிச் சொல்லுங்க" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. குடையும் டீ பிளாஸ்க்குமாக யோகேஸ்வரி எப்போதோ கரையேறி வந்து நின்றிருந்தாள்.